ஐ5-8400 வைத்திருக்கிறேன்: விண்டோஸ் 11 போடலாமா, போர்டை மாத்தணுமா?

மவுஸ்பேட்:
வீட்டு டெஸ்க்டாப். ஐ5-8400, எச்310 போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் (சி, டி, ஈ). தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 10, 22எச்2, 64 பிட். மைக்ரோசாஃப்டின் தகுதிச் சோதனை ஆப் பிசி ஹெல்த் செக் ஓட்டினால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்) இல்லை, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் வசதி) இல்லை என்கிறது. கடையில் போர்டையே மாத்தச் சொல்கிறார்கள். டேலியும் (கணக்கு மென்பொருள்) கேனான் எல்பிபி2900 பிரிண்டரும் ஓடியே ஆகணும். என்ன செய்யலாம்? லினக்ஸ் சரிவருமா?

பயாஸ்பித்தன்:
போர்டில் கை வைக்காதீங்க. இன்டெல் 8ஆம் தலைமுறை 11-க்குத் தகுதியானதுதான். டிபிஎம்-க்குத் தனி சிப் வேண்டாம். பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது நுழையும் போர்டு செட்டிங்ஸ்) 'பிடிடி' (இன்டெல்லில் உள்ளேயே இருக்கும் டிபிஎம்) என்று ஒரு ஆப்ஷன் இருக்கும், பல போர்டுகளில் அணைந்தே வரும். எனேபிள் பண்ணுங்க, அந்தப் பிரச்சனை முடிந்தது.

செக்யூர் பூட்தான் கொஞ்சம் வேலை வாங்கும். ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 அடித்து 'பயாஸ் மோடு' பாருங்க. 'லெகசி' என்று இருந்தால் உங்க டிஸ்க் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் முறை) வகை. அந்த நிலையில் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (லெகசி பூட்டுக்கான வசதி; செக்யூர் பூட்டுக்கு இது ஆஃப் ஆகணும்) அணைத்தால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று நிற்கும். பதற வேண்டாம், திரும்ப ஆன் செய்தால் பழையபடி பூட் ஆகும். முதலில் டிஸ்க்கை ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் முறை) ஆக்கணும், அப்புறம்தான் பயாஸ்.

மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி இருக்கு. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் வேலிடேட், அலவ்ஃபுல்ஓஎஸ் ரெண்டு சுவிட்சையும் சேர்த்து ஓட்டுங்க. இது சோதனை மட்டும்தான், எதையும் மாத்தாது. பாஸ் ஆனால் டேலி டேட்டா ஃபோல்டரை வெளியே பேக்கப் எடுத்துட்டு, வேலிடேட் இடத்தில் கன்வர்ட் போடுங்க. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் முன்னாடியே சஸ்பெண்ட் பண்ணணும்.

மவுஸ்பேட்:
லெகசிதான். வேலிடேட் ஃபெயில்.

எஸ்எஸ்டிகட்சி:
எதிர்பார்த்ததுதான். சிஸ்டம் ரிசர்வ்டு (விண்டோஸ் தானே வைக்கும் பூட் பகுதி), சி, டி, ஈ என்று நாலு பார்ட்டிஷன் ஆகுது. அந்தக் கருவி மூணு பிரைமரி வரைதான் ஏற்கும்; எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலும் மறுத்துடும். ஈ-யைக் காலி பண்ணி அழிக்கலாம். ஆனா 11-ஐ ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டுவது தண்டனை. ஒரு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கினால் ரெண்டு பிரச்சனையும் ஒரே அடியில் தீரும்.

சிஸ்டம் ரிசர்வ்டையும் சி-யையும் மட்டும் எஸ்எஸ்டிக்கு க்ளோன் பண்ணுங்க. க்ளோன்ஸில்லா என்ற க்ளோன் மென்பொருளில் முழு டிஸ்க் நகல் சின்ன டிஸ்க்குக்குப் போகாது. பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க விடும் மென்பொருள் வேணும். முதல் பூட்டுக்கு முன்னாடி பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிடுங்க, இல்லாட்டி எதிலிருந்து பூட் ஆகுதுன்னே தெரியாது. ரெண்டுக்கும் டிஸ்க் சிக்னேச்சர் (அடையாள எண்) ஒண்ணா இருந்தால் ஒண்ணு ஆஃப்லைன் ஆகும்.

எஸ்எஸ்டியில் ரெண்டே பார்ட்டிஷன் என்பதால் கன்வர்ட் சிக்கலில்லாமல் போகும். பிறகு சிஎஸ்எம் ஆஃப், பிடிடி ஆன், செக்யூர் பூட் ஆன் (கேட்டால் ஃபேக்டரி கீஸ் லோட் பண்ணுங்க). எல்லாம் ஓடினதும் பழைய டிஸ்க்கை மாட்டுங்க. டி, ஈ எம்பிஆர்-லேயே இருக்கலாம், டேட்டா டிஸ்க்குக்கு அது பிரச்சனையே இல்லை.

பயாஸ்பித்தன்:
எஸ்எஸ்டி யோசனைக்கு என் ஓட்டும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: பழைய கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால், அதில் யுஇஎஃப்ஐ (லெகசிக்குப் பதிலான புதிய பூட் முறை) ஆதரவு இல்லாவிட்டால் சிஎஸ்எம் போனதும் திரை கறுத்துடும். கார்டைக் கழற்றி ஆன்போர்டு போர்ட்டில் மானிட்டரைச் செருகுங்க.

அப்கிரேடுக்கு விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ-வை (நிறுவல் டிஸ்க்கின் நகல் ஃபைல்) மவுண்ட் பண்ணி செட்டப் ஓட்டினால் போதும். ஃபைல், ஆப் ரெண்டையும் வைத்துக்கொள்ளும் ஆப்ஷன் வந்தால்தான் தொடருங்க. பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் 10-க்குத் திரும்பலாம். பிரிண்டர் காணாமல் போனால் கேனானின் 64 பிட் கேப்ட் டிரைவரை மறுபடி நிறுவுங்க.

லினக்ஸ் உங்களுக்கு வேண்டாம். டேலி நேரடியாக ஓடாது, எல்பிபி2900-க்கு லினக்ஸ் டிரைவர் பெரிய தலைவலி. 

மவுஸ்பேட்:
எஸ்எஸ்டி வாங்க மாசக் கடைசி ஆகும். அதுவரை?

எஸ்எஸ்டிகட்சி:
விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அப்டேட் பக்கத்தில் இஎஸ்யு-வில் (நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம்) சேர்ந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் சிங்க் ஆன் செய்தால் கட்டணமில்லை. ரெஜிஸ்ட்ரியில் தகுதிச் சோதனையை ஏமாத்துற வீடியோக்களை மட்டும் தொடாதீங்க. தகுதியுள்ள மெஷினுக்கு அது எதுக்கு?