ஆகஸ்ட் 15 கொடியேற்றம்: தேசிய கீதத்தைப் பிள்ளைகள் பாடணுமா, பென்டிரைவில் போட்டால் போதுமா?

மைக்செட்:
என் கட்சி பென்டிரைவ்தான். பதிவு போட்டா 52 விநாடியில சுத்தமா முடியும். அறுநூறு பிள்ளைங்களைப் பாட விட்டா ஆளுக்கொரு சுருதி, கடைசி வரிசை எப்பவும் பின்னாடியே இழுத்துக்கிட்டு வரும். சிறப்பு விருந்தினர் முன்னாடி இந்த வம்பு எதுக்கு?

சுருதிப்பெட்டி:
ஆளுக்கொரு சுருதி ஆவது பிள்ளைகள் குற்றமில்லை சார், ஆரம்ப சுருதி கொடுக்காதவர் குற்றம். இந்தப் பாட்டு கீழ் நிஷாதத்துக்கு (நி) இறங்கி மேல் ஸட்ஜம் (ஸ) வரை போகிறது. ‘பாக்ய விதாதா’வில் அந்த நிஷாதம், முதல் ‘ஜய ஹே’யில் அந்த ஸட்ஜம். யாராவது ஒரு டீச்சர் தோராயமாக ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் எடுத்துவிட்டால் ‘ஜய ஹே’ வரும்போது கத்தல்தான் மிஞ்சும். ஒரு கட்டையில் வையுங்கள். ஆர்மோனியத்திலோ போனிலோ ஐந்து விநாடி ஸட்ஜத்தைக் கேட்கவிட்டு எடுத்தால் சிறு பிள்ளைகளுக்கும் எட்டும். இன்னொன்று, கடைசி ‘ஹே’ ஸட்ஜத்தில் வந்து உட்காராது, மத்யமத்திலேயே (ம) நிற்கும். பழக்காத கூட்டம் அங்கேதான் கீழே சரியும்.

மத்திய உள்துறை அமைச்சக ஆணையும் சேர்ந்து பாடுவதைத்தான் சொல்கிறது. அணிவகுப்பு அல்லாத விழாக்களில் கொடி விரியும்போது கூடியிருப்பவர்கள் சேர்ந்து பாட வேண்டும். அதற்குப் போதுமான அளவில் பயிற்சி பெற்ற பாடகர் குழுவும் ஒலிபெருக்கியும் வைக்கலாம் என்று இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 2021 டிசம்பரில் வந்த அரசாணையும் இசைத்தட்டைத் தவிர்த்து வாய்ப்பாட்டாகத்தான் பாடச் சொல்கிறது.

மைக்செட்:
தமிழ்த்தாய் வாழ்த்து ஆணையை இதுக்கு இழுக்காதீங்க, அது வேற இது வேற. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒலிக்கு வாங்க. மேடையிலேர்ந்து 50 மீட்டர் தள்ளி நிக்கிறவனுக்குச் சத்தம் போய்ச் சேரவே 0.15 விநாடி ஆகுது. அவன் அதைக் கேட்டுப் பாடினா பின்தங்காம என்ன செய்வான்?

சுருதிப்பெட்டி:
அந்தத் தாமதம் பென்டிரைவுக்கும் உண்டே! பதிவு ஓடும்போதும் பின்வரிசை கூடப் பாடத்தான் செய்யும். காதை நம்பாமல் கண்ணை நம்ப வையுங்கள்: உயரமான இடத்தில் ஒருவர் நின்று கையால் தாளம் காட்டட்டும். குழுவுக்குப் பன்னிரண்டு பேர் போதும். ஒரு பிள்ளை கையில் மைக்கைக் கொடுத்தால் அந்தக் குரல் மட்டும்தான் ஊருக்குக் கேட்கும். ஸ்டாண்டில் இரண்டு மைக், முன்வரிசையிலிருந்து இரண்டு அடி தள்ளி, இரண்டாம் வரிசையைப் பார்த்து. குழாய் ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், வெளிப்பக்கம் திரும்பி இருக்கணும். இல்லாவிட்டால் விசில் அடிக்கும். இது உங்களுக்கே தெரிந்ததுதான்.

கொடிமரம்:
ரெண்டு பேரும் கயிற்றை மறந்துட்டீங்க. ஆகஸ்ட் 15ல கொடி கீழேயிருந்து மேலே ஏறி விரியணும். மேலேயே கட்டி வெச்சு அவிழ்க்கிறது ஜனவரி 26க்கு. ஆனா பள்ளிகள்ல ரெண்டு நாளுமே கொடியைப் பூவோட மடிச்சு மேலே கட்டின பொட்டலம்தான். அதுல ஈரப்பூ வெச்சா கதர்ல ஒட்டிக்கும். முதல்நாள் மழையில பருத்திக் கயிறு ஊறினா முடிச்சு இறுகிடும். காஞ்ச இதழ் ஒரு கைப்பிடி போதும். ஒரு நுனியை இழுத்தா முழுசா அவிழ்ற முடிச்சு போடுங்க. காவி மேலே இருக்கான்னு பார்த்துட்டு, காலையில வேற துணி வெச்சு ஒருதடவை இழுத்துப் பாருங்க.

முடிச்சு சிக்கினா பென்டிரைவ் காத்திருக்காது. விருந்தினர் இழுத்துக்கிட்டே இருப்பார், கீதம் முடிஞ்சு போயிருக்கும். பாடுறவங்கன்னா கை காட்டினப்புறம்தான் ஆரம்பிப்பாங்க.

மைக்செட்:
எனக்கும் கண்ணு இருக்கு அண்ணே, கொடி விரிஞ்சப்புறம்தான் பட்டனைத் தட்டுவேன்.

சுருதிப்பெட்டி:
எந்தக் கோப்பைத் தட்டுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இணையத்திலிருந்து இறக்கி வைத்ததில் முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் உள்ள 20 விநாடிச் சுருக்கமும் இருக்கும், முன்னிசை நீண்ட ஆல்பப் பதிவும் இருக்கும். கொடிக்கும் கீதத்துக்கும் நடுவில் ‘தாயின் மணிக்கொடி’யை நுழைக்கிற வழக்கத்தையும் விடணும். கொடி விரிந்ததும் கீதம், பாரதி பாட்டு அதற்கப்புறம். (பாரதி பாடிய கொடியில் ‘வந்தே மாதரம்’ என்று எழுதியிருந்தது, சக்கரம் போட்ட மூவர்ணம் 1947 ஜூலை 22ல்தான் ஏற்கப்பட்டது.)

மைக்செட்:
சரி, பன்னிரண்டு பேர் பாடட்டும். ஆனா பதிவும் தயாரா இருக்கும், கரண்ட் போனா பேட்டரி ஆம்ப்ளிஃபயரும் இருக்கும். சுருதி நழுவினா நான் உள்ளே வருவேன்.

சுருதிப்பெட்டி:
பாதியில் உள்ளே வந்தால் இரண்டு சுருதி கேட்கும். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், 52 விநாடிதானே.