டைல்ஸ் பட்டறை ஆர்டர் சாஃப்ட்வேர்: பணியை எப்படிப் பிரிப்பது, எங்கே நிறுத்துவது?
(முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு: பேசும் மூவரின் புனைபெயர்கள். கேட்பவர் முகப்பு.)

முகப்பு:
காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேர். ஆறு ஸ்கிரீன்: வாடிக்கையாளர், அளவு, டிசைன், எண்ணிக்கை, தேதி, அட்வான்ஸ். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். கணக்குப்பிள்ளை போனில் வரும் ஆர்டரை நோட்டில் எழுதிவிட்டு, சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். பணி மாதிரி, அதாவது வேலையைப் படிகளாகப் பிரித்துக் காட்டும் வரைபடம், போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கு ஹெச்டிஏ (HTA), கோம்ஸ் (GOMS), சிடிடி (CTT) என்று ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். எதில் ஆரம்பிக்கலாம்?

வளவு:
ஹெச்டிஏவில் (Hierarchical Task Analysis, வேலையை மேலிருந்து கீழாகப் பிரிப்பது) ஆரம்பிங்க. ஆனெட்டும் டங்கனும் 1967-ல் தொழிற்சாலை ஆட்களுக்குப் பயிற்சி வகுக்கக் கொண்டுவந்த முறை. உச்சியில் நோக்கம், கீழே உபநோக்கங்கள், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ‘திட்டம்’. எல்லாரும் பெட்டிகளைப் போட்டுவிட்டுத் திட்டத்தை விட்டுவிடுகிறார்கள். சரக்கே அதில்தான் இருக்கிறது.

உங்கள் ஆறு ஸ்கிரீனைப் பெட்டியாக மாற்றினால் அது பணி மாதிரி ஆகாது, ஸ்கிரீனின் நகல். நோட்டை வாங்கிப் பாருங்க. நடப்பது இப்படித்தான் இருக்கும்: அளவு, டிசைன் இரண்டில் எது முன்னால் வந்தாலும் சரி, இரண்டும் வந்தபின் எண்ணிக்கை, பார்டர் உண்டென்றால் தனிக் கணக்கு, டிசைன் மாறினால் எண்ணிக்கைக்குத் திரும்பு. இதுதான் திட்டம்.

எவ்வளவு ஆழம்? தப்பு நடக்கும் வாய்ப்பையும் அதனால் வரும் நஷ்டத்தையும் பெருக்கிப் பாருங்க. சின்னதாக இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். ‘பெயரை டைப் செய்’ என்பதைப் பிரிக்க வேண்டாம். ‘எண்ணிக்கை போடு’ என்பதைப் பிரித்தே ஆகணும்.

10×15 அடி அறை, 10 இஞ்ச் கல். சதுர அடிக்கு 1.44 கல் வீதம் 150 சதுர அடிக்கு 216. சுற்றி ஒரு வரிசை பார்டர் என்றால் 12×18 கட்டத்தின் ஓரத்தில் 56 கல் வரும். அதில் மூலைக்கல் 4, நேர்க்கல் 52. நடுவில் 160. உங்கள் ஸ்கிரீனில் சதுர அடிக்கு ஒரே கட்டம்தான் என்றால் 216 நடுக்கல்லும், மேலே 56 பார்டரும் என்று பதிவாகிவிடும். மூலைக்கல்லுக்கு அச்சே வேறு; அதைக் கேட்க இடமே இல்லை. கையால் கலர் ஊற்றிச் செய்யும் கல், பிறகு நாலு மட்டும் தனியாகச் செய்தால் நிறம் மாறக்கூடும். அதனால் ‘எண்ணிக்கை போடு’ மூன்றாவது பெட்டி என்றால், அதன் கீழே 3.1 நடு, 3.2 நேர் பார்டர், 3.3 மூலை, 3.4 உடைசலுக்குக் கூடுதல் என்று பிரிங்க.

இரண்டாங்கட்டு:
வளவு சொன்னது சரி, ஆனால் போனில் ஆர்டர் பாதியில் நின்று நின்று வரும் சிக்கல் ஹெச்டிஏவில் பளிச்சென்று தெரியாது. அதற்குத்தான் பாத்தெர்னோ என்ற ஆய்வாளரின் சிடிடி (ConcurTaskTrees). பணிகளுக்கு நடுவே காலத் தொடர்பைக் குறியாகவே போடுவார்கள்: முடிந்தபின் அடுத்தது, இரண்டில் ஒன்று, எந்த வரிசையிலும், ஒன்றை நிறுத்திவைத்து மற்றொன்று, பிறகு விட்ட இடத்தில் தொடர்வது. ‘அடுத்து’ பட்டன் போட்டவுடன் நீங்கள் எல்லா இடத்திலும் முதல் குறியையே போட்டுவிட்டீர்கள். பட்டறையில் வேண்டியது ‘எந்த வரிசையிலும்’, ‘நிறுத்தித் தொடர்’ இரண்டும். நோட்டில் பாதிப் பக்கம் எழுதி அடுத்த பக்கம் புரட்டலாம்; உங்கள் ஸ்கிரீனில் முடியாது. அவர் நோட்டுக்குப் போனதில் குற்றமே இல்லை.

முழு மரத்தையும் சிடிடியில் வரையாதீங்க, சுவர் பத்தாது. போன் வரும் கிளைக்கு மட்டும் போதும்.

முகப்பு:
மூலைக்கல் நிஜமாகவே விட்டுப்போயிருக்கிறது அண்ணே. இன்னொன்று: டிசைனுக்கு டிராப்டவுன் வைப்பதா, நோட்டில் எழுதுவதுபோல ரெண்டு இலக்க நம்பர் அடிக்க விடுவதா?

இரண்டாங்கட்டு:
அதற்குத்தான் கேஎல்எம் (Keystroke-Level Model): ஒவ்வொரு விசைக்கும் கிளிக்குக்கும் நேரம் போட்டுக் கூட்டுவது. ஒருவர் வேலையைச் செய்யும் விதத்தைக் கணிக்கும் கோம்ஸ் குடும்பத்தில் இதுதான் எளிது. கார்ட், மோரன், நியூவெல் 1980-ல் கொடுத்த அளவுகள்: யோசனைக்கு 1.35 நொடி, மவுஸ் குறிவைக்க 1.1, கிளிக் 0.2, விசைக்கும் மவுஸுக்கும் நடுவே கை மாற 0.4, சராசரி ஆள் ஒரு விசை தட்ட 0.28.

டிராப்டவுன்: 1.35 + 1.1 + 0.2 + 1.1 + 0.2 = 3.95. மவுஸுக்குப் போய்வர இன்னும் 0.8.
நம்பர்: 1.35 + இரண்டு இலக்கம், ஒரு டேப் 0.84 = 2.19.

நம்பர்தான் வேகம். ஆனால் இது கை பழகினவர் தப்பில்லாமல் செய்யும் நேரம். நம்பர் தப்பினால் என்ன ஆகும் என்று கேஎல்எம் சொல்லாது. நம்பர் அடித்ததும் பக்கத்தில் கல்லின் படம் வரட்டும். மற்றபடி, போனில் எதிர்முனை ‘பச்சையா மெரூனா’ என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும்போது ரெண்டு நொடி மிச்சத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வளவு:
படம் என்றதும் ஒன்று. அட்வான்ஸுக்குப் பிறகு டிசைன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேலை உங்கள் வரிசையில் எங்கே இருக்கிறது?

முகப்பு:
கடைசியில். பாதி ஆர்டருக்குப் போவதில்லை.

வளவு:
போகாது. பணம் வந்ததும் நோக்கம் முடிந்தது என்று மனசு மூடிவிடும். அதற்குப் பின்னால் தொங்கும் வேலை மறக்கும். பல ஏடிஎம்களில் கார்டை எடுத்தபின் பணம் தருவது இதைத் தடுக்கத்தான். படத்துக்கு ‘சரி’ வந்தால்தான் அட்வான்ஸ் ரசீது திறக்கும்படி மாற்றுங்க. இந்த ஓரிடத்தில் உங்கள் ‘முடித்தால்தான் அடுத்தது’ இருக்கட்டும். மற்ற ஐந்தையும் ஒரே ஸ்கிரீனில் போட்டு, பாதியில் நிற்கும் ஆர்டர்களை இடது ஓரத்தில் வரிசையாக வையுங்க.