மேலத்தெரு சொந்தங்கள்: பத்திரிகை புரூஃப், உடனே பார்க்கவும்

கும்பகோணம் சித்தப்பா: [படம்]
கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்துவிட்டது. தமிழ் ஒரு பக்கம், பாப்பா ஆபீஸ்காரர்களுக்காக இங்கிலீஷ் ஒரு பக்கம். ஆறு மணிக்குள் சரி சொன்னால்தான் இன்றைக்கே அடிப்பார்களாம்.

திருத்துறைப்பூண்டி அத்தை: 🙏 நன்றாக இருக்கிறது

மன்னார்குடி மாமா: பிள்ளையார் சின்னதாகத் தெரிகிறார்

திருவையாறு பெரியப்பா: தம்பி, அடிக்கச் சொல்லாதே. இங்கிலீஷ் பக்கத்தில் மூன்றாவது வரி. நாம் வேண்டுவது பிரசென்ஸ், எல்லோரும் வந்திருந்து வாழ்த்த வேண்டும் என்று. அது சி, ஈ என்று முடியும். டி, எஸ் என்று முடித்து பிரசென்ட்ஸ் ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் மேலான பரிசுப் பொருட்களை வேண்டுகிறோம் என்று வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்கப் போகிறோமா?

குட்டி: மொய்யை நேராகவே கேட்டுவிட்டோம் 😂

அத்தை: கேட்டால்தான் என்ன? பெரியவன் கல்யாணத்துக்கு நாங்கள் வைத்தது நோட்டில் இருக்கிறது.

சித்தி: அண்ணி, அந்த நோட்டில் நாங்கள் செய்த சீரும் இருக்கிறதா?

சித்தப்பா: இப்போது அது வேண்டாம்

பாப்பா: தப்பு இருந்தால் சிவப்புக் கோடு விழுமே பெரியப்பா

பெரியப்பா: விழாது அம்மா. அகராதியில் இல்லாத சொல்லுக்குத்தான் அந்தக் கோடு. இது இரண்டுமே நல்ல சொல், இடம்தான் தப்பு, அதனால்தான் இந்த ஜோடிச் சொற்கள் எல்லோர் கண்ணுக்கும் தப்பிவிடுகின்றன. அடியில் பார், பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸில் நடுவில் ஐ வர வேண்டிய இடத்தில் ஈ. ஐ போட்டால் வாழ்த்து, மரியாதை. ஈ போட்டால் ஒன்றை நிறைவு செய்வது. இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர்தான், ஒன்று இத்தாலி, பிரான்ஸ் சுற்றி வந்ததில் எழுத்தும் பொருளும் மாறிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே

பெரியப்பா: கை பட்டுவிட்டது. அப்புறம் நியர் அண்டு டியரில் ஏ இல்லை, இரண்டு ஈ இருக்கிறது. அது மான்.

குட்டி: கோடியக்கரையிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறார்களா?

பெரியப்பா: கோடியக்கரை வெளிமானை டியர் என்று சொல்லக் கூடாது. அது ஆன்டலோப்.

அத்தை: கோடியக்கரை இருக்கட்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் கடைமடைக்கு எப்போது வரும்? மன்னார்குடிப் பக்கம் வந்துவிட்டதா?

மாமா: ஆற்றில் வந்துவிட்டது. வாய்க்காலில் இன்னும் இல்லை.

அத்தை: ஜூன் 12க்கே திறந்தாலும் எங்களுக்குக் கடைசியில்தான்

சித்தப்பா: அக்கா, பத்திரிகை

குட்டி: பெரியப்பா, மாமா கடை போர்டில் ஸ்டேஷனரி சரியா?

பெரியப்பா: போன தீபாவளிக்கே சொன்னேன். பேப்பர், பேனாவுக்கு ஈ, ஆர், ஒய். மாப்பிள்ளை ஏ போட்டிருக்கிறார், அதற்கு அசையாமல் நிற்பது என்று பொருள். என்வலப் ஈயில் தொடங்குகிறது இல்லையா, அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் அங்கே ஊர் ஊராகச் சுமந்து விற்காமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்களுக்கு ஸ்டேஷனர் என்று பெயர், லண்டனில் 1403லேயே அவர்களுக்குச் சங்கம் இருந்தது, அவர்கள் விற்ற சரக்குதான்

மாமா: மச்சான், என் கடையும் அசையாமல்தான் நிற்கிறது. போர்டை மாற்ற எவ்வளவு ஆகும் தெரியுமா?

பெரியப்பா: ஒரு எழுத்துதான் மாப்பிள்ளை, பெயின்டரை நானே அழைத்து வருகிறேன். எதிரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் தினமும் அதைத்தான் படித்துக்கொண்டு போகிறார்கள்.

மாமா: பார்க்கலாம்

அத்தை: தமிழ்ப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் பெயர் ஏன் கடைசி வரிசையில் இருக்கிறது?

சித்தி: வயது வரிசைதான் அண்ணி

அத்தை: போன தடவை பெயரே இல்லை. இந்தத் தடவை கடைசி வரிசை. சரி.

சித்தப்பா: அக்கா, மேலே ஏற்றச் சொல்கிறேன். அச்சகத்தில் போன் எடுக்கவில்லை.

பெரியப்பா: போனில் சொல்லாதே! காதுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் கேட்கும், மறுபடியும் டி, எஸ் போட்டுவிடுவார்கள். தாளில் பெரிய எழுத்தில் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடு. நான் எழுதிப் படம் அனுப்புகிறேன்.

பாப்பா: அன்பளிப்பு வேண்டாம் என்று கீழே ஒரு வரி போடலாமா? இங்கிலீஷ் பக்கத்தில் மட்டும்.

சித்தி: அப்பாவைக் கேள்

அத்தை: அப்போது மொய் உண்டா, இல்லையா?

மாமா: உண்டு

சித்தப்பா: வண்டியில் இருக்கிறேன், அச்சகத்துக்குப் போய்விட்டுப் பேசுகிறேன்