7950எக்ஸ் + 4090 ஒரே லூப்பில்: எந்த கேபினெட் சரியாக வரும்?

வெண்கலமணி (கேள்வி)

வணக்கம். ரைசன் 9 7950எக்ஸ் சிபியு, ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் ஒரே கஸ்டம் லூப்பில் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கும் வாட்டர் கூலிங் சுற்று) போடப் போகிறேன். பிளெண்டர் (3டி மென்பொருள்) ரெண்டர் இரவு முழுக்க ஓடும். அறையில் ஏசி கிடையாது, மே மாதத்தில் 34 டிகிரி வரை போகும். சாஃப்ட் டியூப்தான், டி5 பம்பும் ரிசர்வாயரும் (தண்ணீர்த் தொட்டி) சேர்ந்த காம்போ, ஏடிஎக்ஸ் மதர்போர்டு. 45 மி.மீ. தடிமனில் இரண்டு 360 ரேடியேட்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

லியான் லி ஓ11 டைனமிக் ஈவோ, ஃப்ராக்டல் டாரென்ட், ஃபேன்டெக்ஸ் என்தூ புரோ 2 ஆகிய மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட 360 போடலாம் என்றுதான் மூன்றின் விவரத்தாளும் சொல்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

திருகாணி

ரேடியேட்டரை முதல்ல முடிவு பண்ணுங்க, கேபினெட்டைக் கடைசியில வாங்குங்க. "360 சப்போர்ட்"னு விவரத்தாள்ல போட்டிருந்தா மூணு 120 ஃபேன் திருகுற ஓட்டை இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். ரேடியேட்டர் உள்ளே போகுமா, போனாலும் ஃபிட்டிங் (டியூப்பை இணைக்கிற திருகு முனை) மாட்ட இடம் மிஞ்சுமாங்கிறது வேற கணக்கு.

வெப்பத்தை முதல்ல பாருங்க. 4090க்கு 450 வாட், 7950எக்ஸ் அதிகபட்சம் 230 வாட், மொத்தம் 680. ஃபேன் 1,000 முதல் 1,200 ஆர்பிஎம்ல ஓடும்போது ஒவ்வொரு 120 மி.மீ. பகுதியும் சுமார் 100 வாட்டை வெளியேத்தும். தண்ணி அறையை விட 10 டிகிரி கூட இருக்கும். ரெண்டு 360ன்னா ஆறு பகுதி, ஒண்ணுக்கு 113 வாட். அறையே 34ன்னா தண்ணி 45ஐத் தாண்டும். மூணு 360ன்னா ஒண்ணுக்கு 75 வாட்தான், ஃபேனை 900க்குக் கீழேயே வெச்சுக்கலாம், சத்தமும் குறையும். அதனால 45 மி.மீ.ல ரெண்டு வாங்குறதை விட 30 மி.மீ.ல மூணு மேல். மெதுவா சுத்துற ஃபேனுக்குத் தடிமனால பெருசா லாபம் கிடையாது. பரப்பு கூடினாத்தான் பலன் தெரியும்.

இல்ல, ரெண்டே போதும்னா 4090க்கு பவர் லிமிட் 80 சதவீதம், சிபியுவுக்கு 105 வாட் ஈகோ மோட் (நிஜத்துல 142 வாட் வரை போகும்) வைங்க. 360 + 142 = 502 வாட்டுக்கு இறங்கிடும், பகுதிக்கு 84. ரெண்டர் வேகத்துல குறையுறது ரொம்பக் கொஞ்சம்.

இனி அளவு. 360 ரேடியேட்டரோட நீளம் 360 இல்ல. அல்ஃபாகூல் எஸ்டி30, ஹார்ட்வேர் லேப்ஸ் ஜிடிஎஸ் ரெண்டுமே 397 மி.மீ. ரெண்டு முனையிலும் இருக்கிற தொட்டிதான் அந்தக் கூடுதல் 37 மி.மீ. பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான். மேலே ஒண்ணு, முன்பக்கம் ஒண்ணு போட்டா, முன் ரேடியேட்டரோட மேல் தொட்டி, மேல் ரேடியேட்டரோட முன் தொட்டியில போய் இடிக்கும். தனித்தனியா ரெண்டுமே உட்காரும், சேர்ந்து உட்காராது. விவரத்தாள்ல இது வராது. மேனுவல்ல ரேடியேட்டர் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, அதைத் தேடிப் படிங்க.

மேலே போடுறதுக்கு இன்னொரு கணக்கு: ரேடியேட்டர் 30 + ஃபேன் 25 = 55 மி.மீ. 45 மி.மீ. எடுத்தா 70. மேல் தகட்டிலிருந்து மதர்போர்டு மேல் விளிம்பு வரை எவ்வளவு இருக்குன்னு பாருங்க. 55க்கும் குறைவா இருந்தா ஃபேன் கீழே இறங்கி விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்குற பகுதி) ஹீட்சிங்க்ல, இல்லைன்னா ரேம் தலையில தட்டும். டிரைடென்ட் இசட்5 ஆர்ஜிபி 44 மி.மீ. உயரம், ஃப்ளேர் எக்ஸ்5 33 மி.மீ.தான். வாட்டர் கூலிங்குக்கு எப்பவுமே குட்டை ரேம் எடுங்க.

நீலக்குழாய்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மூன்று கேபினெட்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

டாரென்ட்டை விட்டுவிடுங்கள். காற்றில் குளிர்விக்க அருமையான கேபினெட். ஆனால் பவர் சப்ளை மேலே இருப்பதால் மேல் ரேடியேட்டருக்கு இடமே இல்லை. 360 ரேடியேட்டரை முன்பக்கமும் அடியிலும் மட்டும்தான் போட முடியும். முன்னால் போட்டால் கூடவே வரும் இரண்டு 180 மி.மீ. ஃபேனையும் கழற்ற வேண்டும், அந்தக் கேபினெட்டின் சிறப்பே அவைதான். ரிசர்வாயருக்கும் வசதியான இடம் அமையாது.

ஓ11 டைனமிக் ஈவோவில் மேலே, பக்கத்தில், அடியில் என மூன்று 360 போகும். மேலே 30 + 25தான், 45 மி.மீ. ரேடியேட்டரை அங்கே நினைக்கவே வேண்டாம். முன்பக்கம் கண்ணாடி என்பதால் காற்று பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும்தான் வர வேண்டும். அந்த இரண்டையும் உள்ளிழுக்க வையுங்கள், மேலே உள்ளதை வெளியேற்ற வையுங்கள். மேல் ரேடியேட்டருக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் கிடைக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடி ரேடியேட்டரைப் பொருத்துவதற்கு முன்பே மதர்போர்டின் கீழ் விளிம்பில் உள்ள யுஎஸ்பி, ஃப்ரன்ட் பேனல் கேபிள்களைச் செருகிவிடுங்கள், பிறகு விரல் நுழையாது. பக்கத்தில் டிஸ்ட்ரோ பிளேட் (தண்ணீரைப் பிரித்து அனுப்பும் தகடு) வைத்தால் பெரும்பாலும் அந்த ரேடியேட்டரை இழப்பீர்கள். உங்கள் வெப்பத்துக்கு அது நஷ்டம்.

என் தேர்வு என்தூ புரோ 2. மேலே ஒரு 360, மதர்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு 360, முன்பக்கம் மெஷ் (வலை) வழியாக நேரடிக் காற்று. ஏடிஎக்ஸ் போர்டின் அகலம் 244 மி.மீ.தான் என்பதால் பக்கத்து இடம் காலியாகக் கிடைக்கும். 330 மி.மீ. வரை போகும் இ-ஏடிஎக்ஸ் போர்டாக இருந்தால் அந்த இடத்தை அது விழுங்கிவிடும். மூன்றாவது ரேடியேட்டர் பிற்காலத்தில் தேவைப்பட்டால் முன்பக்கம் இருக்கிறது. அழகில் ஓ11தான் முந்தும், மறுக்கவில்லை. இரவு முழுக்க ரெண்டர், ஏசி இல்லாத அறை என்றால் மெஷ்தான் முக்கியம்.

இன்னொன்று: 7950எக்ஸ் முழு லோடில் 95 டிகிரியைத் தொடும். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து லூப்பிலோ கேபினெட்டிலோ குறை என்று நினைக்காதீர்கள். ஜி1/4 திருகில் வரும் தண்ணீர் வெப்ப சென்சார் ஒன்றை லூப்பில் சேர்த்து, ஃபேன் வேகத்தைத் தண்ணீர் வெப்பத்துக்கு ஏற்ப மாறும்படி அமையுங்கள். சென்சாரின் இரண்டு பின் கேபிளைச் செருக மதர்போர்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெண்கலமணி

மிக்க நன்றி. என்தூ புரோ 2, 30 மி.மீ.யில் இரண்டு, பவர் லிமிட்டோடு. பக்கத்து ரேடியேட்டரின் போர்ட் (டியூப் சேரும் துளை) மேலே இருக்க வேண்டுமா, கீழேயா? தண்ணீரை வெளியேற்றும் வால்வை எங்கே வைப்பது?

அடிவால்வு

மேலே இன்னொரு ரேடியேட்டர் இருப்பதால் போர்ட் கீழே இருக்கட்டும், ஃபிட்டிங்குகள் இடிக்காது. ஆனால் மேல் தொட்டியில் காற்று தங்கும். மேல் முனையில் கூடுதல் போர்ட் உள்ள ரேடியேட்டராக வாங்கினால் அதன் அடைப்பைச் சற்றுத் தளர்த்திக் காற்றை விடலாம். இல்லாவிட்டால் பம்ப் ஓடும்போது கேபினெட்டை நாலு பக்கமும் சாய்க்க வேண்டும்.

வால்வு லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். பம்பின் வெளியேறும் போர்ட் அருகே ஒரு டி (T) வடிவ ஃபிட்டிங், அதில் பால் வால்வு (பந்து வால்வு), அதன் வாயில் ஒரு அடைப்பு. வால்வு மட்டும் போதாது, கை பட்டுத் திறந்துவிடும். ரிசர்வாயர் மூடி மேல் ரேடியேட்டரின் ஃபேனுக்கு நேர் கீழே வராமல் பாருங்கள். வந்தால் தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு முறையும் ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். புனல் நுழைய 60 மி.மீ. இடைவெளி போதும்.

ரேடியேட்டர் செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும். செம்பு பிளாக்கோடு (சிபியு, கார்டு மேல் அமர்ந்து வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) அலுமினியத்தைச் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும். புதிய ரேடியேட்டரில் சாலிடர் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது பூசும் பொருள்) மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டரால், தெளிந்து வரும் வரை அலசுங்கள்.

நிரப்பும் முன் காற்றழுத்தச் சோதனை: 0.5 பார் ஏற்றி 20 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் ஒவ்வொரு ஃபிட்டிங்காகப் பாருங்கள். பெரும்பாலும் ஓ-ரிங் ஓரத்தில் நசுங்கியிருக்கும், அல்லது டியூப்பைக் கோணலாக வெட்டியிருப்பீர்கள். அழுத்தம் நின்ற பிறகு நிரப்புங்கள். இரண்டு 360, காம்போ எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் சுற்றி வரும், இரண்டு லிட்டர் வாங்கி வையுங்கள். முதலில் பம்புக்கு மட்டும் மின்சாரம்: பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்து கழற்றி, 24 பின் கேபிளோடு ஜம்பர் அடாப்டர் மாட்டி இயக்குங்கள். ரிசர்வாயரில் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் நிறுத்தி ஊற்றுங்கள். டி5 பம்ப் வறண்டு சுற்றக் கூடாது, அதன் பேரிங் தண்ணீரில்தான் வழுக்கி ஓடுகிறது.