ஜாந்தார்மெரிக்கு எந்தச் சொல்?

நண்பர்களே, மிலிட்டரி போலீசுக்கும், பிரான்சில் பொதுமக்களிடையே காவல் பணி செய்யும் படையான ஜாந்தார்மெரிக்கும் தமிழில் 'இராணுவக் காவல்துறை' என்று ஒரே சொல்லை வைத்துவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மிலிட்டரி போலீஸ் படைவீரர்களைக் கண்காணிப்பது. விடுப்பு முடிந்தும் திரும்பாத சிப்பாயைத் தேடுவது, படை வண்டிகள் போகும் வழியை ஒழுங்குசெய்வது எல்லாம் அதன் வேலை. பிரான்சின் ஜாந்தார்மெரியில் இருப்பவர்களும் படைவீரர்கள்தான், ஆனால் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் திருட்டு வழக்கை விசாரிப்பதும் சாலையில் வண்டியை நிறுத்திச் சோதிப்பதும் அவர்களே. 2009இல் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வந்த பிறகும் அவர்களுடைய படைத் தகுதி போகவில்லை.

ஜாந்தார்மெரி என்பதன் மூலச்சொல்லுக்கு 'ஆயுதம் தாங்கியோர்' என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு 'ஆயுதப்படை' என்றால் தமிழ்நாட்டில் மாவட்ட ஆயுதப்படை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். 'காவற்படை'யும் சரிவராது, கடலோரக் காவற்படை என்று ஏற்கெனவே வேறு பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பரிந்துரை இது: படைக்குள் ஒழுங்கு காப்பது 'படைக்காவல்', படையின் அமைப்போடு பொதுமக்களிடையே காவல் பணி செய்வது 'படைமுறைக் காவல்'. முதலாவதில் 'இராணுவம்' வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பேச்சுவழக்கில் அது தரைப்படையை மட்டுமே குறிக்கிறது, கடற்படையிலும் விமானப்படையிலும் இதே பணி இருக்கிறதே.

இப்படி இரண்டு சொற்களாகப் பிரிப்பது எவ்வளவு தேவை என்பதற்குப் பிரேசிலைப் பாருங்கள். அங்கே 'பொலீசியா மிலிடார்' என்பது ஒவ்வொரு மாநில ஆளுநரின் கீழும் தெருவில் ரோந்து போகிற போலீஸ். தரைப்படைக்குள் இருப்பது 'பொலீசியா தோ எசேர்சிட்டோ' என்ற வேறு அமைப்பு. சொல்லுக்குச் சொல் மாற்றினால் முதலாவது 'இராணுவப் போலீஸ்' ஆகிவிடும், அப்புறம் அந்த நாட்டில் தெருவெல்லாம் இராணுவ ஆட்சி என்று நம் வாசகர் முடிவுகட்டிவிடுவார். பெயரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், யாருக்குக் காவல் என்று பார்த்துத்தான் சொல்லைத் தேர வேண்டும்.

சிறப்புப் பெயர்களை மட்டும் ஒலிபெயர்த்தே எழுதுவோம். இத்தாலியில் 1814இல் தோன்றிய கராபினியேரிக்குக் கார்பைன் துப்பாக்கியிலிருந்து வந்த பெயர். அதைத் 'துப்பாக்கியர்' என்று தமிழாக்கினால் யாருக்கும் புரியாது. முதல்முறை வரும்போது 'இத்தாலியின் படைமுறைக் காவலான கராபினியேரி' என்று எழுதிவிட்டு, பிறகு வெறும் கராபினியேரி போதும். அவர்கள் படைக்காவல் பணியும் செய்கிறார்கள் என்பது உண்மைதான், அந்தப் பணியைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம்.