பழைய 123 சிசி செயின்சா: கார்ட் கார்புரேட்டர் மட்டும் போதுமா, கார்ட் எஞ்சினையே ஏற்றலாமா?

கேள்வி: பழைய இரும்பு

வணக்கம். என்னிடம் மெக்கல்லக் எஸ்பி-125 செயின்சா ஒன்று இருக்கிறது. 123 சிசி, டூ ஸ்ட்ரோக், ரீட் வால்வு (காற்றை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்கள்). சிலிண்டரிலும் பிஸ்டனிலும் கீறல் இல்லை. இரண்டு மூன்று இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. அன்றாட வேலைக்கு வேறு ரம்பம் இருப்பதால், இதை வேகமாக அறுக்கும் காட்சிப் பொருளாக மாற்றிப் பார்க்கலாம் என்ற ஆசை வந்திருக்கிறது.

கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட நண்பர் ஒருவர் இரண்டு பொருள்களைக் கொடுத்திருக்கிறார். ஒன்று, என் ரம்பத்தில் இருப்பதைவிடக் கண்ணுக்கே பெரிதாகத் தெரியும் துளையுள்ள கார்ட் கார்புரேட்டர். மற்றொன்று, ஓடும் நிலையிலுள்ள யமஹா கேடி100 எஞ்சின். கார்புரேட்டரை மட்டும் ஓர் அடாப்டர் தகடு வைத்து என் ரம்பத்தில் பொருத்துவது நல்லதா, அல்லது கேடி100 எஞ்சினுக்கே பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) சங்கிலியும் கைப்பிடியும் அமைத்து ரம்பமாக்குவது நல்லதா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யத் தெரியும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரித்து மாட்டவும் தெரியும். கார்புரேட்டர் செட்டிங்தான் எனக்குக் கைவராத வித்தை.

பதில்: ரீட் பெட்டி

கேள்வியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார்ட் எஞ்சினை ரம்பத்தில் ஏற்றலாமா என்று கேட்கிறீர்கள். வரலாற்றில் நடந்ததோ நேர்மாறு. ஆர்ட் இங்கெல்ஸ் 1956-இல் கலிபோர்னியாவில் முதல் கார்ட் வண்டியைச் செய்தபோது புல்வெட்டும் இயந்திரத்துக்கான வெஸ்ட் பெண்ட் எஞ்சினைத்தான் அதில் வைத்தார். அந்த விளையாட்டு பரவியதும், செயின்சா செய்துகொண்டிருந்த மெக்கல்லக் நிறுவனம் தன் ரம்ப எஞ்சினையே சற்று மாற்றி 1959-இல் எம்சி-10 என்ற கார்ட் எஞ்சினாக விற்கத் தொடங்கியது. பின்னால் வந்த எம்சி-101 உங்கள் எஸ்பி-125-ஐப் போலவே 123 சிசி. ஆகவே உங்கள் கையில் இருப்பது கார்ட் எஞ்சினின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். வெளியிலிருந்து இன்னொரு கார்ட் எஞ்சினைக் கொண்டுவர அவசியம் என்ன என்பதே என் முதல் கேள்வி.

கார்புரேட்டர் பற்றிக் கணக்குத் தெரிந்தவர்கள் எழுதட்டும். நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ரீட் பெட்டியைக் கழற்றி, இதழ்கள் முழுவதும் திறந்திருக்கும்போது காற்று போகக்கூடிய மொத்தப் பரப்பை அளந்து பாருங்கள். இதழ் எவ்வளவு தூக்குகிறதோ அந்த உயரத்தை, இதழின் திறக்கும் விளிம்புகளின் நீளத்தால் பெருக்கினால் ஏறத்தாழ வந்துவிடும். அந்தப் பரப்பு உங்கள் பழைய கார்புரேட்டரின் வெஞ்சுரியைவிட (காற்று போகும் குறுகிய துளையைவிட)ப் பெரிதாக இல்லையென்றால், முன்னால் எவ்வளவு பெரிய கார்புரேட்டர் வைத்தாலும் குறுகிய வாசலுக்கு வெளியே அகலமான திண்ணை கட்டிய கதைதான்.

பதில்: மூன்றாம் துளை

மேலே சொன்னது சரி. கார்புரேட்டர் கணக்கை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வெஞ்சுரி என்றால் அதிகக் காற்று, அதிகக் காற்று என்றால் அதிகச் சக்தி என்பது பாதி உண்மை. கார்புரேட்டர் காற்றை மட்டும் விடுவதில்லை; அந்தக் காற்றின் வேகத்தால் உண்டாகும் அழுத்தக் குறைவைக் கொண்டுதான் பெட்ரோலை மேலே இழுக்கிறது. கணக்குக்காக உங்கள் பழைய வெஞ்சுரி 19 மி.மீ., புதியது 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 123 சிசி எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் தன் கொள்ளளவு முழுவதையும் இழுக்கிறது என்று கொண்டால், 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) விநாடிக்கு 12.3 லிட்டர் காற்று போகும். அது 19 மி.மீ. துளையில் சராசரியாக விநாடிக்கு 43 மீட்டர் வேகத்திலும், 25 மி.மீ. துளையில் வெறும் 25 மீட்டர் வேகத்திலும் ஓடும். எஞ்சினை 9000-க்கு ஏற்றினால்கூடப் பெரிய துளையில் வேகம் 38 மீட்டரைத் தொடாது. அதாவது, சிறிய துளை 6000-த்தில் தருவதைவிடக் குறைவு. இழுக்கும் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரே ஆர்பிஎம்மில் பெரிய கார்புரேட்டரின் இழுவை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

இது நடைமுறையில் எப்படித் தெரியும் என்றால், ஐடிலில் (டிரிக்கரை அழுத்தாத மெதுவான ஓட்டத்தில்) நின்றிருக்கும் ரம்பத்தின் டிரிக்கரைச் சட்டென்று அழுத்தினால் எஞ்சின் "ம்ம்" என்று அடங்கி, சில சமயம் நின்றும் போகும். கார்ட் ஓட்டுபவருக்கு இது பெரிய தொல்லை அல்ல. அவர் எஞ்சினை உயர்ந்த ஆர்பிஎம்மிலேயே வைத்திருக்கிறார், சுற்றுக்குச் சுற்று வேகம் ஏறி இறங்குவதும் படிப்படியாகத்தான் நடக்கிறது. ரம்பமோ ஐடிலிலிருந்து முழு வேகத்துக்கும், அங்கிருந்து மரத்துக்குள் இறங்கியதும் ஆயிரக்கணக்கான ஆர்பிஎம் கீழேயும் ஒரே நிமிடத்தில் பலமுறை போய்வருகிறது. பருமனான மரத்தில் நீண்ட பாருடன் இந்த வகைப் பெரிய ரம்பம் வேலை செய்வது 6000, 7000 பக்கத்தில்தான். அந்த இடத்தில் இழுவையை இழந்து 10,000-த்தில் சக்தியைப் பெறுவது, மெலிந்த மரத்தை அறுக்கும் போட்டிக்கு வேண்டுமானால் பொருந்தும்.

கார்ட் கார்புரேட்டர்களில் பலவும் டயஃப்ரம் வகை (மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு உள்ளவை) என்பது உங்களுக்கு அனுகூலம்; மிதவைக் கிண்ணம் உள்ளதாக இருந்தால் ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்தவுடன் பெட்ரோல் வழிந்துவிடும் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் டயஃப்ரம் கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் பெட்ரோல் பம்பு கிராங்க்கேஸின் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள எஞ்சின் பெட்டியின்) அழுத்தத் துடிப்பால்தான் இயங்குகிறது. அந்தத் துடிப்பு சில கார்புரேட்டர்களில் ஃபிளாஞ்சிலுள்ள (எஞ்சினோடு பொருந்தும் முகப்பிலுள்ள) சிறு துளை வழியாகவும், சிலவற்றில் தனிக் குழாய் வழியாகவும் வருகிறது. உங்கள் அடாப்டர் தகட்டில் அந்தத் துளை நேராகச் சேராவிட்டால், எல்லாம் அழகாகப் பொருந்தியும் பம்பு வேலை செய்யாது. சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்று வாயை மூடும் தகடு) இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்ட் கார்புரேட்டர் பலவற்றில் அது இருக்காது. கையால் வாயை மூடித்தான் ஸ்டார்ட் செய்வார்கள்.

இன்னொன்று. கேடி100 போன்ற எஞ்சின்களை ஓட்டுபவர்கள் பந்தயத்தின் நடுவிலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டி ஊசியைத் திருகிக் கலவையைச் சரிசெய்துகொள்வது வழக்கம். அந்தக் கார்புரேட்டரே அப்படியொரு கையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. ரம்பம் பிடித்திருப்பவருக்கு மூன்றாவது கை இல்லை.

பதில்: கரித்தூள்

கேடி100-ஐப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். 52 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 46 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 98 சிசிக்குச் சற்றுக் குறைவு. அருமையான எஞ்சின், சந்தேகமில்லை. ஆனால் அதில் குளிர்விக்கும் விசிறி கிடையாது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று சிலிண்டர் துடுப்புகளில் அடித்தால்தான் சூடு தணியும். ரம்பம் நின்ற இடத்தில் நின்று முழு வேகத்தில் உழைக்கும் பொருள். விசிறியும் காற்றைச் சிலிண்டருக்குத் திருப்பிவிடும் உறையும் நீங்களே செய்து மாட்டாமல் அதைத் தொடர்ந்து அறுக்கவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதில் இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு கிடையாது. வெளியிலிருந்து தனி ஸ்டார்ட்டரை வைத்துச் சுழற்றுவார்கள். சங்கிலிக்கு எண்ணெய் விடும் பம்பும் இல்லை. சுழலும் திசையையும் பார்க்க வேண்டும்: பாரின் மேல்விளிம்பில் சங்கிலி உங்களைவிட்டு விலகி ஓட வேண்டுமென்றால், வலப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்ப்ராக்கெட் கடிகாரச் சுற்றில் சுழல வேண்டும். கிளட்சை எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது தலைகீழாகிவிடும். டிம்பர்ஸ்போர்ட்ஸ் எனும் மரம் அறுக்கும் போட்டிகளில் "ஹாட் சா" என்ற பிரிவில் பனிவண்டி எஞ்சினையும் மோட்டோகிராஸ் எஞ்சினையும் வைத்து ரம்பம் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே அறுப்பது மூன்று வில்லைகள் மட்டுமே. எல்லாம் விநாடிக் கணக்கில் முடிந்துவிடும்.

இனி என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் 80 சிசிக்கு மேற்பட்ட ஒரு பழைய ரம்பத்தில் கார்ட் கார்புரேட்டரை நானும் மாட்டினேன். ஐடில் நிற்கவில்லை என்று ஐடில் ஸ்க்ரூவை ஏற்றினேன். ஏற்றியதால் கிளட்ச் முழுவதும் விடாமல் சங்கிலி மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது. பழைய ரம்பம் என்பதால் செயின் பிரேக்கும் இல்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மரத்தில் இறக்கியபோது நன்றாகவே அறுத்தது. மரத்தைவிட்டு வெளியே வந்ததும் எஞ்சின் கூவிக்கொண்டு ஏறியது. மூன்றாவது முறை அப்படிக் கூவியபோது பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் முழுவதும் வழித்தெடுத்தாற்போல் இருந்தது.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். அந்தக் காலத்துக் கார்புரேட்டர் பலவற்றில், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அதிர்வால் திறந்து கூடுதல் பெட்ரோலை விடும் சிறு குண்டு வால்வு ஒன்று உண்டு. பாரம் இல்லாதபோது எஞ்சின் எல்லைமீறி ஏறாமல் தடுப்பது அதுதான். நான் பொருத்திய கார்ட் கார்புரேட்டரில் அது இல்லை. போதாக்குறைக்கு, கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) ஒன்று காய்ந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. சீல் சோதனை செய்யாமல் கார்புரேட்டரை மாற்றியது முழுக்க என் அவசரம்.

கேள்வி கேட்டவர்: பழைய இரும்பு

மூவருக்கும் நன்றி. கேடி100-ஐ ரம்பமாக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். விசிறி இல்லை என்ற ஒரு விஷயமே போதும். ரீட் பெட்டியை அளந்து பார்த்ததில், திறந்த பரப்பு இப்போதைய வெஞ்சுரியைவிட ஓரளவு பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்ட் கார்புரேட்டரின் துளைக்கு ஈடாகவில்லை. ஆகவே முழுப் பெரிய கார்புரேட்டருக்குப் பதிலாக, நடுத்தர அளவில் குண்டு வால்வு உள்ள ஒன்றைத் தேடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். பந்தயக்காரர்களைப் போல மெத்தனால் ஊற்றினால் சக்தி கூடுமா? ஆர்பிஎம் ஏறினால் சங்கிலி எவ்வளவு வேகத்தில் ஓடும்?

பதில்: மூன்றாம் துளை

மெத்தனால் வேண்டாம். பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்றால் மெத்தனாலுக்கு 6.4 பங்குதான், அதாவது, அதே காற்றுக்கு இரு மடங்குக்கும் மேலான எரிபொருள் போக வேண்டும். ஜெட் (எரிபொருளை அளந்துவிடும் சிறு துளை), ஊசி, பம்பு எல்லாவற்றையும் மாற்றாமல் அது முடியாது. உங்கள் ரம்பத்தின் உடல் மெக்னீசியம் வார்ப்பு. மெத்தனால் அதை அரிக்கும். சாதாரண டூ ஸ்ட்ரோக் எண்ணெய் பலவும் அதில் கலக்காது என்பதால் ஆமணக்கு எண்ணெய்க்குப் போக வேண்டியிருக்கும். தீப்பிடித்தால் பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து.

சங்கிலி வேகம் எளிய கணக்கு. பிட்ச்சை (சங்கிலியின் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகள் அடங்கும் தூரத்தில் பாதி) இரண்டால் பெருக்கி, ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையாலும் பெருக்கினால் ஒரு சுற்றில் நகரும் நீளம் வரும். 0.404 அங்குலப் பிட்ச், 7 பல் என்றால் 5.66 அங்குலம், 10,000 ஆர்பிஎம்மில் அது விநாடிக்கு ஏறத்தாழ 24 மீட்டர், மணிக்கு 86 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சங்கிலி அறுந்தால் எந்தப் பக்கம் பறக்கும் என்று யோசித்துவிட்டு, ரம்பத்தில் செயின் கேட்சர் (அறுந்த சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் செய்து மாட்டுங்கள்.

பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் விகிதத்தை மாற்றினாலும் ஊசியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். எண்ணெயைக் கூட்டினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதில்: கரித்தூள்

செட்டிங் கைவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சீல்களை மாற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, கிராங்க்கேஸில் 7 பிஎஸ்ஐ காற்று ஏற்றிக் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு காற்றை உறிஞ்சியும் பாருங்கள். அதன் பின் ஹை ஊசியை (முழு வேகத்துக்கான பெட்ரோல் ஊசியை) வேண்டுமென்றே அதிகம் திறந்து வைத்துத் தொடங்குங்கள். மரத்துக்கு வெளியே முழு வேகத்தில் எஞ்சின் விட்டுவிட்டு வெடிக்கும் கரகரப்பான ஒலி கேட்க வேண்டும். மரத்தில் இறக்கியவுடன் அந்தக் கரகரப்பு மறைந்து ஒலி சீராக வேண்டும். மரத்துக்குள்ளும் கரகரத்தால் ஊசியைச் சிறிது சிறிதாக மூடுங்கள். வெளியே எடுத்தும் கரகரப்பு திரும்பவில்லையென்றால் உடனே எஞ்சினை அணைத்து, ஊசியைக் கால் திருப்பு திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். கார்ட் ஓட்டுபவர்கள் விரும்பும் அந்தச் சுத்தமான கூவல் ஒலி ரம்பத்தில் கேட்கக் கூடாது.