இயம நியமம் உங்களை எங்கே மாட்டிவிட்டது? அனுபவம் சொல்லுங்கள்

பாகாயம், வகுப்பு எடுப்பவர்:

கேட்டவன் நான், அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன். 11 வருடமாக வீட்டு மொட்டை மாடியில் காலை ஐந்தே முக்காலுக்கு யோகா வகுப்பு. (யோகத்தில் செய்யக் கூடாதவற்றை விலக்குவது இயமம், கடைப்பிடிக்க வேண்டியவை நியமம்.) ஏழுக்குள் முடித்தாக வேண்டும், அதற்கு மேல் நம் ஊர்த் தளத்தில் கால் வைக்க முடியாது. (நியமத்தில் தபஸ், அதாவது வெயில் குளிரைத் தாங்கும் தவம், ஒன்று மட்டும் வேலூர்க்காரர்களுக்குச் சித்திரை வைகாசியில் ஓசியில் கிடைத்துவிடுகிறது.) புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் நாளே கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரம்மச்சரியம், அபரிக்கிரகம் (தேவைக்கு மேல் சேர்க்காமை) என்று இயமம் ஐந்தையும் ஒப்பித்துவிடுவேன். அப்புறம் சூரிய நமஸ்காரம். அந்த ஐந்தும் மாடிப்படியில் கழற்றிவிட்ட செருப்போடு கீழேயே கிடக்கும்.

வகுப்பில் ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். கோட்டைப் பக்கம் நடக்கப் போகிற இடத்தில் எல்லாம் "மாஸ்டர்கிட்ட சேர்ந்தேன், சர்க்கரை மாத்திரையையே விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் எதிரிலும் சொன்னார். உண்மையில் டாக்டர் இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்திருந்தார், அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டினேன். அந்த வாரம் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

அதில் ஒரு அம்மா. ஒன்றரை மாதம் கழித்து அவருடைய மகன் போன் செய்தார். அம்மா வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். சமையலறையில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 412. அந்தத் தம்பி திட்டவில்லை. "நீங்க நிறுத்தச் சொன்னீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். "நான் சொல்லலையே" என்றேன். அது பொய் இல்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

பதஞ்சலி தம் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் 34ஆம் சூத்திரத்தில், தான் செய்தது, பிறரைச் செய்ய வைத்தது, பிறர் செய்யும்போது உடன்பட்டு நின்றது மூன்றையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறார். பேராசை, கோபம், மயக்கம் என்று காரணம் மூன்று. லேசு, நடுத்தரம், கடுமை என்று அளவு மூன்று. உரைகாரர் பெருக்கிப் பார்த்து 27 வகை என்கிறார். இத்தனை வருடம் இதை வெறும் வாய்ப்பாடாகத்தான் படித்திருந்தேன். என்னுடையது எந்தக் கட்டம் என்று அன்றைக்குத் தேடினேன்: உடன்பட்டது, பேராசையால், நடுத்தரம். மாதம் 600 ரூபாய் வீதம் மூன்று பேர்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் விஷயத்தை உடைத்தேன். மாத்திரையை விட்டதாகச் சொல்வது தவறு, யோகா செய்கிறோம் என்று யாரும் டாக்டரைக் கேட்காமல் மருந்தில் கை வைக்காதீர்கள் என்றேன். பெரியவர் முகம் சுண்டிப்போனது. அதோடு அவர் வரவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்: முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். வாய்மைக்கு வள்ளுவர் தரும் இலக்கணமே 'யாதொன்றும் தீமை இலாத சொலல்'. என் மேல் இருந்த பாரத்தை இறக்க அவரைக் கூனிக் குறுக வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார், கிரிக்கெட் பேசினார், வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ராணிப்பேட்டை, டேனரி (தோல் பதனிடும் ஆலை) சூப்பர்வைசர்:

எங்கள் வகுப்பில் அகிம்சைப் பாடம் வந்த அன்று பக்கத்துப் பாய்க்காரர் கேட்டேவிட்டார், "நீங்க எப்படிங்க?" என்று. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் இந்தக் கேள்வியைத் தாண்டி அகிம்சை பேச முடியாது. எத்தனையோ வீட்டில் தோலை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. ஆசிரியர் "மனசால இருந்தா போதும்" என்று சமாளித்தார். எனக்கு ஒப்பவில்லை. இயமங்களைச் சொன்ன சூத்திரத்துக்கு அடுத்ததன் உரையிலேயே மீனவர் உதாரணம் இருக்கிறது. மீனைத் தவிர வேறு எதையும் கொல்ல மாட்டேன் என்று ஒரு மீனவர் இருந்தால், அது வரம்பு கட்டிய அகிம்சை. சாதி, இடம், காலம், சந்தர்ப்பம் என்று எந்த வரம்பும் இல்லாததுதான் மகாவிரதம். ஆக, என்னுடையது மகாவிரதம் இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். போட்ட வரம்புக்குள்ளாவது ஒழுங்காக இருக்கிறேனா என்று பார்த்தேன்.

இல்லை. சுண்ணாம்பு செக்‌ஷனில் கான்ட்ராக்ட் பையன்கள் வேலை செய்கிறார்கள். கையுறை கிழிந்தால் சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே இறங்கி விரல் இடுக்கெல்லாம் வெந்துவிடும். கிழிந்த ஜோடியைக் கொண்டுவந்து காட்டினால்தான் ஸ்டோரில் புதுசு, அதுவும் மாதத்துக்கு ஒன்றுதான் என்று ரூல் போட்டவனே நான். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ஒரு பையன் டிபன் பாக்ஸ் மூடியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். என்னடா இது என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினான். விரல் நுனியில் ரேகையே இல்லை.

ரூலை எடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவர் கேட்பார், கேட்கட்டும். வேலையை நான் விடவில்லை, விடப்போவதும் இல்லை. இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். பக்கத்துப் பாய்க்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் இடுப்பிலும் தோல் பெல்ட்தான், நானும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

சத்துவாச்சாரி, இல்லத்தரசி:

என்னை மாட்டிவிட்டது அபரிக்கிரகம். நகையோ புடவையோ இல்லை, தண்ணீர். பாலாற்றில் மணலைப் பார்த்தே வளர்ந்தவள் நான். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனபோது எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் 200 லிட்டர் டிரம் மூன்று, குடம் 14, அப்புறம் சொம்பு வரைக்கும் நிரப்பிவைப்பேன். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோதும் மூன்று டிரம்மும் ததும்பிக்கொண்டுதான் இருந்தன, வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அடுத்த முறை குழாயில் தண்ணீர் விட்டதும் பழையதை வாசலில் கொட்டிவிட்டுப் புதிது பிடிப்பேன்.

பின்வீட்டில் குடியிருக்கும் பெண் அதைப் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, கொட்றதுக்கா புடிச்சி வச்சிகினு இருந்தே? கேட்டிருந்தா நான் எடுத்துகினு போயிருப்பேனே." அவள் வீட்டில் இருப்பது நான்கு குடம்.

பதஞ்சலிக்கு இயமம் ஐந்து என்றால் திருமூலருக்குப் பத்து. அதில் 'பகுத்துண்பான்' என்று ஒன்று வரும். நான் அதைச் சோற்றுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ஒரு டிரம் அவள் வீட்டில். இன்னொன்றையும் கொடுக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, கோடை போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காந்தி ரோடு, லாட்ஜ் வரவேற்பில் வேலை:

முதல் பதிவைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் தெருவில் தங்குவோர் பெரும்பாலும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற வெளிமாநிலத்தார். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அறையிலேயே சமைப்பார்கள். வங்காளத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் மூன்று வாரம் இருந்தார்கள். சாயங்காலம் கீழே வந்து என்னிடம் ரசம் வைப்பது எப்படி என்று கேட்ட பெண். திடீரென்று டிக்கெட் கிடைத்து ஹவுரா ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். அட்வான்ஸில் 1,400 ரூபாய் மிச்சம். அவர் கேட்கவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது, ஆட்டோவில் பெட்டியை ஏற்றும்போதுகூட இருந்தது. வாய் திறக்கவில்லை.

செலவு செய்யவும் இல்லை. கவரில் போட்டு டிராயரில் வைத்திருக்கிறேன், நான்கு மாதமாக. முதலாளிக்குத் தெரியாது. சாவி எடுக்கத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கவர் தெரிகிறது. சார், கள்ளாமையில் நான் எந்தக் கட்டம்?

பாகாயம்:

கட்டம் கிடக்கட்டும் தம்பி. ரெஜிஸ்டரில் போன் நம்பர் இருக்குமே?

காந்தி ரோடு:

இருக்கிறது சார். இப்போதுதான் கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். ராத்திரி டூட்டி முடிவதற்குள் இன்னொரு தடவை பார்க்கிறேன்.